மீட்டர் காட்டும் மைக்ரோஆம்பியரை நம்பலாமா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு கேரட் தோட்டத்து ஓரம் வெப்பநிலை சென்சார் ஒன்றை வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் தரையோரக் குளிர் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கால் மணிக்கு ஒரு தடவை அது லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும் ரேடியோ) வழியே அனுப்ப வேண்டும். மற்ற நேரமெல்லாம் தூங்க வேண்டும். அனுப்பும்போது 30 மில்லிஆம்பியர், 0.2 விநாடி. இதை 900 விநாடிக்குப் பரப்பினால் சராசரி 7 மைக்ரோஆம்பியர்கூட வராது. தூக்கத்தில் 5 மைக்ரோஆம்பியர் இழுத்தால் மொத்தம் 12. இரண்டு ஏஏ ஆல்கலைன் செல்களின் கொள்ளளவை 2000 மில்லிஆம்பியர்-மணி என்று எடுத்துக்கொண்டால், செல் தானாகவே கெட்டுப்போகும் வயது வரை இந்தக் கருவி ஓடும். அதே போர்டு தூக்கத்தில் 300 மைக்ரோஆம்பியர் இழுத்தால் ஒன்பது மாதம். 5 மில்லிஆம்பியர் இழுத்தால் பதினாறு, பதினேழு நாள்.

மேசைமேல் வைத்துப் பார்த்தால் இந்த மூன்று போர்டுகளும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். வித்தியாசம் தெரிவது மின்னோட்டத்தை அளக்கும்போது மட்டும்தான். மலையில் இது சின்ன விஷயமில்லை. கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவுக்குள் பேட்டரி மாற்றச் சாயங்காலம் யாரும் இறங்க மாட்டார்கள். காட்டெருமையும் கரடியும் நடமாடும் நேரம் அது.

இந்த அளவு சின்ன மின்னோட்டத்தை அளக்கும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது மீட்டரைத்தான், சர்க்யூட்டை அல்ல. தொடரில் மாட்டியவுடன் மீட்டரும் சர்க்யூட்டின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. அதைச் சரிசெய்துவிட்டால், கிடைக்கும் எண்ணே குற்றவாளி யார் என்று சொல்லிவிடும். உங்கள் போர்டு காட்டும் அறிகுறி கீழே எங்கே வருகிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள்.

மீட்டரை மாட்டினால் போர்டு ஓடவில்லை, அல்லது திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். குன்னூரிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி தன் போர்டைக் கொண்டுவந்தார். “அண்ணா, மீட்டரை எடுத்துட்டா நல்லா ஓடுது. மாட்டினா எல்இடி ரெண்டு தடவை மின்னிட்டு நின்னுடுது. போர்டு போச்சா?” என்றார். “போர்டுல ஒண்ணும் இல்லப்பா. மீட்டர் குமிழை 200 மில்லிக்குத் திருப்பு” என்றேன். திருப்பினார், ஓடியது.

காரணம் இதுதான். டிடி-830 வகை மலிவு மீட்டர், மின்னோட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியே அதை ஓடவிட்டு, அதன்மேல் விழும் வோல்டேஜை அளக்கிறது. அந்த ரெசிஸ்டருக்கு ஷன்ட் என்று பெயர். எந்த ரேஞ்சாக இருந்தாலும் முழு அளவுக்கு 200 மில்லிவோல்ட் விழும்படி அமைத்திருப்பார்கள். ஆகவே 200 மில்லிஆம்பியர் ரேஞ்சில் ஷன்ட் 1 ஓம், 20 மில்லியில் 10 ஓம், 2000 மைக்ரோவில் 100 ஓம். சில மாடல்களில் 200 மைக்ரோ ரேஞ்சும் உண்டு. அதில் 1000 ஓம். போர்டு தூங்கும்போது 2000 மைக்ரோ ரேஞ்சு நன்றாகத்தான் இருக்கும். ரேடியோவை எழுப்பி 30 மில்லிஆம்பியர் கேட்டவுடன் 100 ஓமில் 3 வோல்ட் விழுந்துவிடும். இரண்டு செல்லில் இருப்பதே 3 வோல்ட். போர்டுக்கு மிச்சம் எதுவும் இல்லை. எழும், விழும், மறுபடி எழும். ப்யூஸின் ஓம் கணக்கு இதற்கு மேல் தனி.

தானாக ரேஞ்சு மாற்றும் மீட்டரில் இன்னொரு தொல்லை. மாற்றும் அந்தக் கணத்தில் ஷன்ட்டும் மாறும். சில மீட்டர்களில் இணைப்பு ஒரு நொடி விட்டும் போகும். கையால் ரேஞ்சைப் பூட்டி வையுங்கள்.

இதற்கு நான் சொல்லும் மருந்து, மீட்டரின் மின்னோட்ட ரேஞ்சையே மறந்துவிடுவது. ஒரு 1 கிலோஓம், ஒரு சதவீத ரெசிஸ்டரை பேட்டரி பிளஸுக்கும் போர்டுக்கும் நடுவே போடுங்கள். மீட்டரை 200 மில்லிவோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் வையுங்கள். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோஆம்பியர். மீட்டரின் கடைசி இலக்கம் 0.1 மில்லிவோல்ட் என்பதால் 0.1 மைக்ரோஆம்பியர் வரை தெரிகிறது. 2000 மைக்ரோ ரேஞ்சில் இதே மீட்டரின் கடைசி இலக்கம் 1 மைக்ரோஆம்பியர். அதிலும் இரண்டு இலக்கம் முன்பின் இருக்கலாம் என்று கையேடே சொல்லும். 5 என்று காட்டினால் 3 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். ஒரு சாதாரண ரெசிஸ்டர் உங்கள் மீட்டரைப் பத்து மடங்கு கூர்மையாக்குகிறது. 10 கிலோஓம் போட்டால் இன்னும் பத்து மடங்கு. 5 மைக்ரோஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட்தான் விழும், போர்டுக்கு அது பொருட்டே இல்லை. இந்த மலிவு மீட்டர்களின் வோல்டேஜ் பக்க உள்தடை 1 மெகாஓம்தான். அது 10 கிலோஓமுக்கு இணையாக நின்றாலும் பிழை ஒரு சதவீதம். நம் வேலைக்கு அது போதும்.

ஆனால் போர்டு எழும்போது இந்த ரெசிஸ்டரும் தடுக்குமே? தடுக்கும். அதனால் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு சிறிய ஸ்லைடு சுவிட்ச் போடுங்கள். சுவிட்சை மூடி, போர்டை ஓடவிட்டு, அது தூங்கியதும் திறந்து எண்ணைப் பாருங்கள். அடுத்த தடவை எழுவதற்குள் மூடிவிட வேண்டும். சுவிட்ச் இல்லையென்றால் முதலைக் கிளிப் வயர் ஒன்று போதும்.

கை வைக்காமல் தானாக நடக்க வேண்டுமென்றால் சுவிட்ச் இடத்தில் ஒரு 1என்4007 டயோடை, மின்னோட்டம் போகும் திசையிலேயே போடுங்கள். 50 மில்லிவோல்ட்டில் அதன் வழியே நழுவுவது நானோஆம்பியர் கணக்குதான், அளவு கெடாது. போர்டு எழுந்து 30 மில்லி கேட்டால் டயோடு வழிவிடும். முக்கால் வோல்ட் மட்டும் விழும். 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் (போர்டின் மூளையான சிப்) பெரும்பாலும் இதைத் தாங்கும். ஈஎஸ்பி32 தாங்காது, அதற்குச் சுவிட்ச்தான் வழி. வோல்டேஜ் குறைவாக விழும் என்று நினைத்து 1என்5819 மாதிரி ஷாட்கி டயோடை இங்கே போட்டுவிடாதீர்கள். 50 மில்லிவோல்ட்டிலேயே அதன் வழியே பல மைக்ரோஆம்பியர் ஓடிவிடும். ரெசிஸ்டரில் ஓட வேண்டியது டயோடில் ஓடும், மீட்டர் குறைவாகக் காட்டும், நீங்களும் நிம்மதியாகப் போர்டை மலைமேல் கொண்டுபோய் வைத்துவிடுவீர்கள்.

எப்போதும் பூஜ்ஜியம்தான் காட்டுகிறது

போர்டும் ஓடவில்லை என்றால் மீட்டரின் ப்யூஸ் போயிருக்கிறது. மின்னோட்ட ரேஞ்சில் வைத்தபடியே யாரோ நேராக பேட்டரியை அளந்திருப்பார்கள். போர்டு ஓடுகிறது, எண் மட்டும் பூஜ்ஜியம் என்றால் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கிறது. அங்கே கடைசி இலக்கமே 10 மில்லிஆம்பியர். துளையை மாற்றினால் முடிந்தது.

ஐஎன்ஏ219 மாட்யூல் போட்டால் எண் தாவுகிறது, சில நேரம் மைனஸில் போகிறது

மின்னோட்டத்தை அளக்கும் அந்த மாட்யூலில் குறையில்லை, இந்த வேலைக்காக அது செய்யப்பட்டதே இல்லை. அந்தச் சிப் அளக்கும் மிகச் சிறிய படி 10 மைக்ரோவோல்ட். மாட்யூலில் இருக்கும் ஷன்ட் 0.1 ஓம். ஆக ஒரு படி என்பது 100 மைக்ரோஆம்பியர். நம் தூங்கும் போர்டு மொத்தமாக இழுப்பதே அதில் இருபதில் ஒரு பங்கு. போர்டு விழித்திருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் செலவழிக்கத் தயாரென்றால் நார்டிக் நிறுவனத்தின் பவர் ப்ரொஃபைலர் கிட் 2 நல்ல கருவி. 200 நானோஆம்பியர் முதல் 1 ஆம்பியர் வரை ஒரே ஓட்டத்தில் அளந்து கணினியில் வரைபடமாகக் காட்டும். தூக்கமும் விழிப்பும் ஒரே படத்தில் தெரிவது பெரிய வசதி. ஆனால் கீழே வரும் தேடலை எல்லாம் ஒரு ரெசிஸ்டரும் சாதாரண மீட்டரும் கொண்டே செய்துவிடலாம்.

எண் அசையாமல் நிற்கிறது, ஆனால் வர வேண்டியதைவிடப் பல மடங்கு

எனக்குப் பிடித்த அறிகுறி இது. அசையாத எண் ஒரு முகவரி மாதிரி. சப்ளை வோல்டேஜை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 3.3 வோல்ட்டில் 330 மைக்ரோஆம்பியர் வந்தால் விடை 10 கிலோஓம். போர்டில் 10 கிலோஓம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் சென்சார் மாட்யூலில், ஐ2சி (சென்சார் பேசும் இரு வயர்) புல்-அப்பாக, அதாவது வயரை உயர் வோல்டேஜில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டராக. அந்த வயரை மைக்ரோகன்ட்ரோலர் தூங்கும்போது கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. 700 வந்தால் 4.7 கிலோஓம், அதே கதைதான். இரண்டு 100 கிலோஓம் போட்டு பேட்டரி வோல்டேஜை அளக்கும் பிரிப்பான் இருந்தால், 4.2 வோல்ட்டில் அது மட்டும் 21 மைக்ரோஆம்பியர். 65 முதல் 165 வரை ஏதாவது ஓர் எண் வந்து, போர்டில் ஏடிமெகா328பி இருந்தால், உள்ளேயே இருக்கும் புல்-அப்பைப் பாருங்கள். அதன் மதிப்பு 20 முதல் 50 கிலோஓம். ஒரு பட்டனோ காந்தத்தால் மூடும் ரீட் சுவிட்சோ மூடிய நிலையிலேயே நின்று அதன் வழியே ஒழுகும்.

வகுத்துப் பார்த்தும் பொருத்தமான ரெசிஸ்டர் அகப்படவில்லையா? சப்ளையை 3.3 வோல்ட்டிலிருந்து 3.0 வோல்ட்டுக்கு இறக்கிப் பாருங்கள். எண் ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தால் ஒழுகுவது ஒரு ரெசிஸ்டர் வழியேதான். 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வழியில் ஓர் எல்இடி இருக்கிறது. சிவப்பு எல்இடி 2 வோல்ட்டை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் ரெசிஸ்டருக்குக் கொடுக்கும், 1.3 வோல்ட் மீதி 1.0 ஆனால் எண்ணும் அந்த விகிதத்தில் இறங்கும். எண் அசையவே இல்லை என்றால் அது ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைக்கும் சிப்) போன்ற ஏதோ ஒரு சிப்பின் சொந்தப் பசி. இந்த ஒரு சோதனை பாதித் தேடலை மிச்சப்படுத்தும். பலரும் இதைச் செய்வதில்லை, செய்து பாருங்கள்.

சிப்புகளின் பசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈஎஸ்பி32 சிப் டீப் ஸ்லீப்பில், டைமர் மட்டும் ஓடும்போது 10 மைக்ரோஆம்பியர் என்கிறது டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்). கடையில் வாங்கிய டெவலப்மென்ட் போர்டை அப்படியே தூங்கவைத்தால் மில்லிஆம்பியர் கணக்கில் காட்டும். ஏனென்றால் அதில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், எந்த வேலையும் செய்யாமலே 5 மில்லிஆம்பியர் தின்கிறது. கூடவே யூஎஸ்பி சிப், பவர் எல்இடி. ப்ரோகிராமை எவ்வளவு திருத்தினாலும் இது குறையாது. எம்சிபி1700 போட்டால் ரெகுலேட்டரின் பங்கு 1.6 மைக்ரோஆம்பியர், எச்டி7333 போட்டால் 4. பவர் எல்இடியை சால்டரிங் அயர்ன் முனையால் எடுத்துவிடுங்கள்.

1.6 மில்லிஆம்பியர் என்று வந்து, போர்டில் எஸ்எக்ஸ்1276 லோரா சிப் இருந்தால், ப்ரோகிராமைத் திறங்கள். அந்தச் சிப் ஸ்டாண்ட்பையில் இழுப்பது அவ்வளவுதான். தூங்கச் சொன்னால் 0.2 மைக்ரோஆம்பியருக்கு இறங்கும், ஆனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் தூங்கினால் ரேடியோவும் தூங்கிவிடும் என்று எந்த விதியும் இல்லை. ஏடிமெகா328பி தனியாகச் சில நூறு மைக்ரோஆம்பியர் இழுத்தால் ஏடிசியை (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) அணைக்காமல் தூங்கவைத்திருக்கிறீர்கள். அதை அணைத்து வாட்ச்டாகை (தூங்கும் சிப்பை எழுப்பும் டைமர்) மட்டும் விட்டால், 3 வோல்ட்டில் 4.2 என்பது டேட்டாஷீட் தரும் வழக்கமான மதிப்பு. வாட்ச்டாகும் வேண்டாம் என்றால் ஒரு மைக்ரோஆம்பியருக்குள் வந்துவிடும்.

இவ்வளவுக்கும் சிக்காவிட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சென்சாரைக் கழற்று, எண்ணைப் பார், எழுதிவை. ரேடியோவைக் கழற்று, பார், எழுதிவை. ஒரே நேரத்தில் இரண்டைக் கழற்றினால் பழி யார்மேல் என்று தெரியாது.

கையைக் கிட்டே கொண்டுபோனால் எண் மாறுகிறது

ஏதோ ஒரு பின் எங்கும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. சிமாஸ் சிப்பின் உள்ளீடு 0 வோல்ட்டிலோ முழு வோல்ட்டிலோ இருந்தால் சும்மா இருக்கும். நடுவில் எங்கேயாவது அலைந்தால், உள்ளே மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் சேர்ந்து பாதி திறந்து, சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு வழி உண்டாகிவிடும். பத்துக் கணக்கிலோ நூற்றுக் கணக்கிலோ மைக்ரோஆம்பியர் போகும். உங்கள் கையிலிருக்கும் மின் இரைச்சலே அந்தப் பின்னை அலையவைக்கப் போதும்.

பயன்படாத பின்களை அவுட்புட்டாக்கிக் கீழே இழுத்துவிடுங்கள், அல்லது உள் புல்-அப்பைப் போடுங்கள். பலரும் தவறவிடுவது ரேடியோவின் சிப் செலக்ட் வயர் (எந்தச் சிப்போடு பேசுகிறோம் என்று காட்டும் வயர்). மைக்ரோகன்ட்ரோலர் தூங்கும்போது அந்தப் பின்னைக் கைவிட்டால், அந்தரத்தில் நிற்பது ரேடியோவின் உள்ளீடாகிவிடும். அதற்கு ஒரு 100 கிலோஓம் புல்-அப் போடுங்கள். வயர் உயரத்திலேயே நிற்பதால் அதன் வழியே எதுவும் ஒழுகாது.

எண் மைனஸில் வருகிறது, அல்லது நம்ப முடியாத அளவு குறைவு

மீட்டர் வயர்களை மாற்றி வைக்கவில்லை என்று உறுதியானால் யூஎஸ்பி-சீரியல் அடாப்டரைக் கழற்றுங்கள். அதன் டிஎக்ஸ் வயர் 3.3 வோல்ட்டிலோ 5 வோல்ட்டிலோ நிற்கும். அங்கிருந்து மைக்ரோகன்ட்ரோலரின் ஆர்எக்ஸ் பின்னுக்குள் நுழைந்து, பின்னைக் காக்க வைத்திருக்கும் டயோடு வழியே சப்ளைக்கே ஏறி, போர்டைப் பின்வாசல் வழியாக ஓட்டும். பேட்டரியிலிருந்து எதுவும் வராது, சில சமயம் பேட்டரிக்குள் போகும். அளக்கும்போது போர்டில் இரண்டே வயர்தான் இருக்க வேண்டும், பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று.

இதே குறை போர்டுக்குள்ளும் வரும். தூக்கத்தில் சென்சாரின் சப்ளையை மட்டும் டிரான்சிஸ்டரால் வெட்டிவிட்டு, ஐ2சியின் எஸ்டிஏ, எஸ்சிஎல் வயர்களை உயரத்திலேயே விட்டால், சென்சார் அந்த வயர்கள் வழியே தின்றுகொண்டிருக்கும். வெட்டிய பிறகு சென்சாரின் சப்ளைப் பின்னில் வோல்டேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இதுதான். வெப்பநிலை, ஈரப்பதம் அளக்கும் பிஎம்இ280 மாதிரி தானே 0.1 மைக்ரோஆம்பியரில் தூங்கும் சென்சாருக்குச் சப்ளையை வெட்டவே தேவையில்லை. வெட்டப் போய்த்தான் இந்தச் சிக்கல் வருகிறது.

எண் நிற்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது

பயப்பட ஒன்றுமில்லை. போர்டில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்து, நீங்கள் 10 கிலோஓம் ஷன்ட் போட்டிருந்தால், அது நிரம்புவதற்கான கால அளவு 10 விநாடி. ஐந்து மடங்கு காத்திருந்தால்தான் எண் அடங்கும். ஆக, ஒரு நிமிடம் பொறுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் மணிக்கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தால், அது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஒழுக்கு. வெகுநாள் சும்மா கிடந்தது முதலில் அதிகமாக ஒழுகும், வோல்டேஜில் நிற்க நிற்கக் குறையும். ஓர் இரவு மின்சாரத்தில் விட்டுக் காலையில் அளந்தால் உண்மை எண் கிடைக்கும்.

வீட்டில் சரியாக இருந்தது, பனிமூட்டத்தில் கூடிவிடுகிறது

சமவெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாக வராத, நமக்கு அடிக்கடி வரும் தொல்லை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூனிலேயே தென்மேற்கு தொடங்கிவிடும். இடையில் எந்த மாதமானாலும் மூடுபனி. போர்டின்மேல் சால்டரிங் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) மிச்சம் ஒட்டியிருக்கும். காய்ந்திருக்கும்போது அது மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் படிந்தால் 1 மெகாஓமுக்கு வந்துவிடும், அப்போது ஒவ்வோர் இடத்திலும் 3.3 மைக்ரோஆம்பியர். நாலைந்து இடத்தில் அப்படி இருந்தால் தூக்கக் கணக்கே நாலு மடங்காகிவிடும்.

இதை மேசையிலேயே கண்டுபிடிக்கலாம். 10 கிலோஓம் ஷன்ட் போட்டு, போர்டைத் தூங்கவைத்து, எண் அடங்கியதும் போர்டின்மேல் மெல்ல ஊதுங்கள். கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே, அந்த ஈரக்காற்று. சுத்தமான போர்டில் எண் அசையாது, அல்லது கடைசி இலக்கம் மட்டும் ஆடும். அழுக்குப் போர்டில் 50 மில்லிவோல்ட் சட்டென்று 90, 120 என்று ஏறி, ஈரம் காயக் காய சில விநாடிகளில் இறங்கும். அப்புறம் ஒரு ஸ்ட்ரா வழியாக இடம் இடமாக ஊதினால் எந்த மூலை என்று தெரிந்துவிடும். பேட்டரி முனைகளின் ஓரம், 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல், மெகாஓம் ரெசிஸ்டர்கள் இருக்கும் இடம் இவைதான் வழக்கமாக அகப்படும்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, அழுக்குக் கரைந்த ஆல்கஹாலைப் பஞ்சில் ஒற்றி எடுத்துவிட்டு, புது ஆல்கஹாலால் இன்னொரு முறை கழுவுங்கள். ஒற்றி எடுக்காமல் காயவிட்டால் ஃப்ளக்ஸ் போர்டு முழுக்கப் பரவித்தான் காயும். ‘நோ-கிளீன்’ என்று எழுதிய ஃப்ளக்ஸ் என்றாலும் கழுவுங்கள். மலையில் வைக்கும் போர்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. நன்றாகக் காய்ந்தபின் அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே ஒரு பூச்சு. பிஎம்இ280 மேலிருக்கும் சின்னத் துளையை டேப்பால் மூடிவிட்டு அடியுங்கள். அது அடைந்தால் சென்சார் ஈரப்பதத்தை அளக்காது.

பெட்டியை இறுக்கி மூடினால் போதும் என்று நினைக்க வேண்டாம். வெயிலில் சூடான பெட்டி சாயங்காலம் ஆறும்போது உள்காற்று சுருங்கி, வயர் நுழையும் சந்து வழியாகப் பனிக்காற்றை உள்ளே இழுக்கும். ராத்திரி அது உள்ளேயே நீராகப் படியும். அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை விடுவது, வயரைக் கீழிருந்து மேலே வளைத்து நுழைப்பது, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது, மூன்றையும் செய்யுங்கள்.

இன்னொன்று, வெப்பநிலை. டயோடு, டிரான்சிஸ்டர் ஒழுக்கு ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒரு முறை இரட்டிக்கும். உதகையில் அதிகாலை 0 டிகிரியை ஒட்டி அளந்த ஒழுக்கு, அதே பெட்டி மதிய வெயிலில் 40 டிகிரி ஆகும்போது பதினாறு மடங்காகலாம். குளிர்ந்த அறையில் கிடைக்கும் அழகான எண்ணை வைத்து மட்டும் பேட்டரி ஆயுளைக் கணக்கிடாதீர்கள். ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்துப் போர்டைக் கொஞ்சம் சூடாக்கி இன்னொரு தடவை அளந்துவிடுங்கள்.

எண் எல்லாம் சரி, ஆனாலும் பேட்டரி சீக்கிரம் போகிறது

மீட்டர் காட்டுவது தூக்கத்தை மட்டும்தான். மலிவு மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும், 0.2 விநாடி விழிப்பை அது பிடிக்காது. தூக்கம் விழிப்பு இரண்டையும் சேர்த்துச் சராசரி காண, மீட்டரே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. நல்ல கெப்பாசிட்டர் ஒன்றை நிரப்பி, அதை மட்டும் வைத்துப் போர்டை ஓட்டி, வோல்டேஜ் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கெப்பாசிட்டரின் மதிப்பை இறங்கிய வோல்டேஜால் பெருக்கி, ஆன விநாடிகளால் வகுத்தால் மின்னோட்டம். 1000 மைக்ரோஃபாரட், 3.3 வோல்ட்டிலிருந்து 3.0 வோல்ட்டுக்கு 30 விநாடியில் இறங்கினால் சராசரி 10 மைக்ரோஆம்பியர். தூக்கத்தை மட்டும் பார்க்க இந்த அளவு போதும். விழிப்பையும் சேர்க்க ஃபாரட் கணக்கில் இருக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் வேண்டும்: 30 மில்லிஆம்பியர் 0.2 விநாடி இழுத்தாலே 1000 மைக்ரோஃபாரட் காலியாகிவிடும். சூப்பர் கெப்பாசிட்டரை ஒரு நாளாவது வோல்டேஜில் ஊறவிட்டு, போர்டு இல்லாமல் அது மட்டும் எவ்வளவு ஒழுகுகிறது என்று முதலில் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கவனம் வேண்டும். மீட்டரைக் கெப்பாசிட்டர்மேல் வைத்தபடியே விட்டுவிடாதீர்கள். 1 மெகாஓம் மீட்டர் 3.3 வோல்ட்டில் தானே 3.3 மைக்ரோஆம்பியர் குடிக்கும். தொடக்கத்தில் ஒரு முறை தொட்டு எடு, முடிவில் ஒரு முறை தொட்டு எடு.

சராசரி கணக்கைவிடக் கூடுதலாக வந்தால், கருவி நினைத்ததைவிட அதிகம் விழிக்கிறது என்று அர்த்தம். மலையில் இதற்கு வழக்கமான காரணம் லோரா சிக்னல் ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைந்து, பதில் வராமல் கருவி திரும்பத் திரும்ப அனுப்புவது. கேட்வேயை (சிக்னலை வாங்கும் கருவி) இடம் மாற்றினால் பேட்டரி ஆயுள் கூடும்.

சராசரியும் சரியென்றால் மிச்சம் பேட்டரிதான். சிஆர்2032 காசு செல்லின் கொள்ளளவு 220 மில்லிஆம்பியர்-மணி அளவில் இருந்தாலும், அது 0.2 மில்லிஆம்பியர் மாதிரி சின்ன இழுப்புக்குச் சொன்ன கணக்கு. 30 மில்லி கேட்டால் உள்தடையில் வோல்டேஜ் சரியும், குளிரில் அந்த உள்தடை இன்னும் கூடும். உறைபனி ராத்திரியில் போர்டு நின்று, வெயில் வந்ததும் தானாக உயிர்பெற்றால் செல் தீரவில்லை, எழும் நேரத்து இழுப்பைத் தாங்க முடியாமல் இருக்கிறது. ஏஏ லித்தியம் செல்லுக்கு மாறுங்கள். ஆல்கலைனைவிட அது குளிரை நன்றாகத் தாங்கும். லித்தியம்-அயன் செல்லும் சோலாரும் வைத்திருந்தால், செல் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏறக்கூடாது. உறைபனிக் காலையில் முதல் வெயில் பேனலில் பட்டவுடன் அதுதான் நடக்கும், ஆகவே வெப்பநிலை பார்த்துச் சார்ஜை நிறுத்தும் தெர்மிஸ்டர் உள்ள சார்ஜரைப் போடுங்கள்.

பவர் பேங்கில் மாட்டிய கருவி அரை நிமிடத்தில் அணைந்துபோனால் அது வேறு கதை. இழுப்பு மிகக் குறைவு என்று பார்த்து, எதுவும் மாட்டவில்லை என்று எண்ணி பவர் பேங்க் தன்னை நிறுத்திக்கொள்கிறது. உங்கள் சர்க்யூட் நன்றாகத்தான் தூங்குகிறது. பவர் பேங்கை எடுத்துவிட்டு செல்லை நேராக மாட்டுங்கள்.